சீட்டில் எழுதப்படாத டெஸ்ட்

கர்ப்பம் உறுதியானதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்கும் முதல் ரத்தத்தில் என்னென்ன பார்க்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலான பெண்கள் ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த குரூப் என்பார்கள். ஹெச்.ஐ.வி.யையும் சேர்த்துத் தாழ்ந்த குரலில் சொல்பவர்கள் உண்டு. தாய்-சேய் அட்டையில் இன்னொரு வரியும் இருக்கும்: வி.டி.ஆர்.எல். அதற்கு நேரே ‘நான்-ரியாக்டிவ்’ என்று எழுதியிருப்பார்கள். அது சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான பரிசோதனை. அது என்ன டெஸ்ட் என்று தெரியாமலே நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அதைக் கடந்து வந்திருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்காக யாரும் அவர்களை ஏற இறங்கப் பார்க்கவில்லை. ‘உன் நடத்தை எப்படி, உன் புருஷன் நடத்தை எப்படி’ என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் எடுப்பதால் யாருக்கும் கூச்சமில்லை.

அதே பெண் இரண்டு வருடம் கழித்து, “வெள்ளைப்படுது டாக்டர், அடிவயிறு வலிக்குது” என்று அதே வாசலுக்கு வருகிறாள். “எத்தனை நாளாம்மா இருக்கு?” என்று இரண்டு மூன்று கேள்விகள். பிறகு ஒரு மாத்திரைப் பாக்கெட். பெரும்பாலான இடங்களில் அவளுக்கு எந்தப் பரிசோதனையும் எழுதப்படுவதில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாமல், ஆனால் உள்ளே தொற்றோடு இருக்கும் பெண்ணோ அந்த வாசலுக்கே வருவதில்லை. நம் நாட்டில் பால்வினை நோய்கள் தப்பித்துப் போவது இந்த இடைவெளியில்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ம் ஆண்டில் மட்டும் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களிடம் 37.4 கோடி புதிய தொற்றுகள். டிரைக்கோமோனாஸ் 15.6 கோடி, கிளமிடியா 12.9 கோடி, கொனோரியா எனும் வெட்டை நோய் 8.2 கோடி, சிஃபிலிஸ் 71 லட்சம். நான்கும் மருந்தால் முழுமையாகக் குணமாகக்கூடியவை. ஒரு நாளைக்கு 10 லட்சம் பேருக்கு மேல் புதிதாகத் தொற்றுகிறது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே இருக்காது, அல்லது பொருட்படுத்தாத அளவுக்கு லேசாக இருக்கும். குணமாக்கும் மருந்து கையில் இருந்தும், யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிறோம். அதைச் சொல்லக்கூடியது ஆய்வகம் மட்டும்தான்.

மாட்டு இதயத்திலிருந்து வந்த சொட்டு

முதலில், நன்றாக வேலை செய்யும் ஒரு பரிசோதனையைப் பார்ப்போம். எடுத்த ரத்தத்தை உறையவிட்டுச் சுழற்றினால் மேலே சீரம் தெளிந்து நிற்கும். அதை 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைக்கிறார் டெக்னீஷியன். பிறகு வட்டம் வட்டமாக வரம்பு கட்டிய கண்ணாடித் தகட்டில் 50 மைக்ரோலிட்டர் சீரத்தை விட்டு, அதன் மேல் அளவு பார்த்த ஊசியிலிருந்து ஒரு சொட்டு ஆன்டிஜென். தகடு நான்கு நிமிடம் சுழல்கிறது. உடனே மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் போகிறது. மெல்லிய துகள்கள் சீராகப் பரவி இருந்தால் நான்-ரியாக்டிவ். திட்டுத் திட்டாகத் திரண்டு இருந்தால் ரியாக்டிவ். ஆர்.பி.ஆர். என்ற இன்னொரு வகையில் ஆன்டிஜெனோடு கரித்துகள் கலந்திருக்கும். வெள்ளை அட்டையில் கறுப்புத் திட்டுகளாக அது கண்ணுக்கே தெரிந்துவிடும், மைக்ரோஸ்கோப் தேவையில்லை.

அந்தச் சொட்டில் சிஃபிலிஸ் கிருமி துளிகூட இல்லை. 1905-ல் பெர்லினில் ஷாடினும் ஹாஃப்மனும் அந்தத் திருகுச் சுருள் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே ஆகஸ்ட் வாஸர்மன் குழுவினர் ரத்தப் பரிசோதனையை உருவாக்கினார்கள். கிருமியை வளர்க்க முடியாததால், சிஃபிலிஸோடு இறந்து பிறந்த சிசுவின் ஈரலைச் சாறாக்கி ஆன்டிஜெனாகப் பயன்படுத்தினார்கள். கிருமி நிறைந்த ஈரல் என்பதால்தான் அது வேலை செய்கிறது என்று நம்பினார்கள். சீக்கிரமே ஒரு புதிர் முளைத்தது: நோயே இல்லாத மாட்டு இதயத்தின் சாறும் அதே வேலையைச் செய்தது. 1941-ல் மேரி பாங்போர்ன் என்ற அமெரிக்க விஞ்ஞானி மாட்டு இதயத்திலிருந்து கார்டியோலிப்பின் என்ற கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்தபோது விடை கிடைத்தது. சிஃபிலிஸ் வந்த உடம்பு இந்தக் கொழுப்புக்கு எதிராகவும் எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறது. 1946-ல் அந்தக் கார்டியோலிப்பினோடு லெசித்தினையும் கொலஸ்ட்ராலையும் சேர்த்து உருவானதுதான் வி.டி.ஆர்.எல்.

இந்தப் பழைய கதைக்கு இன்றைய நோயாளியின் வாழ்க்கையோடு நேரடித் தொடர்பு இருக்கிறது. வி.டி.ஆர்.எல். கிருமியைப் பார்ப்பதில்லை, கொழுப்புக்கு எதிரான எதிர்ப்புப் பொருளைத்தான் பார்க்கிறது. அதனால் லூபஸ், தொழுநோய், மலேரியா உள்ளவர்களுக்கும், சில சமயம் வெறும் கர்ப்பத்துக்கேகூட ரியாக்டிவ் காட்டும். ஆகவே ரியாக்டிவ் வந்ததும் கிருமியின் புரதத்தையே வைத்துச் செய்யும் டி.பி.ஹெச்.ஏ. போன்ற இரண்டாவது டெஸ்டையும் பார்க்க வேண்டும். முதல் டெஸ்டோடு நிறுத்திக்கொண்டு ‘உனக்கு மேக நோய்’ என்று சொல்லிவிட்டால், நோயே இல்லாத பெண்ணின் குடும்பம் உடைந்துபோகும். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும். இரண்டாம் கட்ட சிஃபிலிஸில் எதிர்ப்புப் பொருள் அளவுக்கு மீறிப் பெருகி, சீரத்தை நீர்க்காமல் பார்த்தால் நான்-ரியாக்டிவ் போலவே தெரியும். உடம்பெங்கும் தடிப்பு, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புள்ளிகள் என்று கண் முன்னால் நோய் நிற்கும்போது ரிப்போர்ட் ‘நான்-ரியாக்டிவ்’ என்று வந்தால், சீரத்தை நீர்த்துப் பார்க்கச் சொல்லி ஆய்வகத்துக்கு ஒரு போன் போடுவதுதான் நல்ல டாக்டரின் வேலை.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் இந்த இரண்டு டெஸ்டுகளின் வித்தியாசத்தை யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். அங்கே போக எடுக்கும் மெடிக்கலில் ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றோடு சிஃபிலிஸும் உண்டு. ‘அன்ஃபிட்’ என்ற ஒற்றை வார்த்தையோடு வெளியே வரும் இளைஞன் பல சமயம் ஏஜென்டிடம்தான் விளக்கம் கேட்கிறான். டி.பி.ஹெச்.ஏ. ஒரு முறை பாசிட்டிவ் ஆனால் பெரும்பாலானவர்களுக்குச் சாகும்வரை பாசிட்டிவ்தான், நோய் முழுக்கக் குணமான பிறகும். நோய் இப்போது உயிரோடு இருக்கிறதா என்பதைச் சொல்வது வி.டி.ஆர்.எல்.லின் டைட்டர். சீரத்தைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்த அளவு வரை திரள்கிறது என்று பார்ப்பதுதான் டைட்டர். 1:32 இருந்தது பெனிசிலின் ஊசிக்குப் பிறகு 1:8 ஆனால், நான்கு மடங்கு குறைவு, மருந்து வேலை செய்துவிட்டது. சிலருக்கு அது குறைந்த டைட்டரிலேயே வருடக்கணக்கில் நின்றும்விடும். ஆகவே இந்த ரிப்போர்ட்டை வைத்திருப்பவர் கேட்க வேண்டியது பாசிட்டிவா நெகட்டிவா என்பதை மட்டும் அல்ல: ‘என் டைட்டர் எவ்வளவு, போன தடவை எவ்வளவு?’ பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருப்பவருக்குத்தான் அந்தப் பதில் கிடைக்கும்.

காட்பாடிக்குப் போன ஐஸ் பெட்டி

இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருக்கிறது என்பதை முதன்முதலில் சொன்னது தமிழ்நாட்டின் ஆய்வக மேசை. 1985-ன் இறுதியில், சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஆய்வேட்டுக்காக ஒரு தலைப்பைக் கொடுத்தார்: எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று தேடிப் பார். அது அமெரிக்காவின் வியாதி, நமக்கு வராது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம், பெரும்பாலும் அரசின் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தவர்களிடம், ரத்தம் எடுத்தார். பிரித்த சீரத்தை வைக்க வசதியில்லாமல் தன் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே வைத்தார். எலைசா என்ற ரத்தப் பரிசோதனைக்கான வசதி சென்னையில் இல்லை. 1986 தொடக்கத்தில் சீரக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி, இரவு ரயிலில் காட்பாடிக்குப் போய், வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சேர்த்தார். எலைசா தட்டில் ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாக மாறின. மறுபடியும் சோதித்தார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பி வெஸ்டர்ன் பிளாட் முறையிலும் உறுதி செய்தார்கள்.

ரத்தம் கொடுத்த அந்தப் பெண்களைப் பார்த்து அப்படி ஒரு நோய் இருப்பதாக யாரும் சொல்லியிருக்க முடியாது. அறிகுறி வரும்வரை இந்தியா காத்திருந்திருந்தால் இன்னும் எத்தனை வருடம் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கும்! அதே நேரத்தில் இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று விளக்கி, ஒப்புதல் வாங்கி, முடிவை அந்த நபரிடமே சொல்லும் முறை அன்று இல்லை. அந்த முறை வர நெடுங்காலம் ஆனது. இன்று அது சட்டம். 2017-ம் ஆண்டின் ஹெச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. ஒப்புதல் இல்லாமல் ஹெச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் டெஸ்டுக்கு முன்பும் பின்பும் ஆலோசகர் பேசுவது இதற்காகத்தான். அங்கே எந்தக் கட்டணமும் இல்லை. முதல் கிட்டில் பாசிட்டிவ் வந்தால் வேறு இரண்டு வகைக் கிட்டுகளில் மறுபடியும் பார்த்த பிறகே முடிவு சொல்கிறார்கள். வீட்டிலிருந்தே விவரம் கேட்க 1097 என்ற இலவச எண் இருக்கிறது.

சிஃபிலிஸுக்கும் ஹெச்.ஐ.வி.க்கும் இவ்வளவு பாதை போட்ட நாடு, மற்ற தொற்றுகளிடம் வந்ததும் நின்றுவிட்டது.

ஏழு நிறப் பாக்கெட்டுகள்

ஆய்வகம் இல்லாத ஊர்களை மனதில் வைத்து, அறிகுறியைப் பார்த்தே மருந்து கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் வகுத்துக் கொடுத்தது. நம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அதை ஏழு நிறப் பாக்கெட்டுகளாக்கியது. சீழ் வடிந்தால் சாம்பல் நிறம்: அசித்ரோமைசின் ஒரு கிராம், செஃபிக்ஸிம் 400 மில்லிகிராம். பிறப்புறுப்பில் அரிப்போடு வெள்ளைப்பட்டால் பச்சை. புண்ணுக்கு வெள்ளை, பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நீலம். ஹெர்பிஸ் கொப்புளத்துக்குச் சிவப்பு, அடிவயிற்று வலிக்கு மஞ்சள், அரையில் நெறிகட்டினால் கறுப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் புரியும். அன்றைக்கே மருந்து கைக்கு வந்துவிடும். மறுபடியும் வரச் சொன்னால் வராமலே போய்விடுபவர்கள் நிறைய இருக்கும் ஊரில் இது பெரிய காரியம். ஆண்களுக்குச் சிறுநீர்த் துவாரத்தில் சீழ் வரும்போதும், யாருக்கானாலும் புண் வரும்போதும் இந்த முறை நன்றாகவே உதவுகிறது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

பெண்களிடம்தான் இது தடுமாறுகிறது. வெள்ளைப்படுதலோடு வருபவர்களில் பெரும் பகுதியினருக்கு இருப்பது பால்வினை நோயே அல்ல. ஒன்று கேண்டிடா என்ற பூஞ்சை, அல்லது உடம்பிலேயே இருக்கும் நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து மீன் வாடையோடு வரும் பாக்டீரியல் வெஜினோசிஸ். இவர்களுக்கும் சீழுக்கான சாம்பல் பாக்கெட்டைக் கொடுத்து, “வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாம்மா, அவருக்கும் மாத்திரை கொடுக்கணும்” என்று சொல்லி அனுப்பினால் அன்று இரவு அந்த வீட்டில் என்ன நடக்கும்? எந்தத் தவறும் செய்யாத இருவர் ஒருவரை ஒருவர் சந்தேகிக்கத் தொடங்குவார்கள். மறுபக்கம், கருப்பை வாயில் கிளமிடியாவும் கொனோரியாவும் உட்கார்ந்திருக்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு எதுவுமே தெரியாது. வலி இல்லை, வாடை இல்லை, எந்த நிறப் பாக்கெட்டும் அவர்களைத் தேடிப் போகாது. நோய் இல்லாதவருக்கு மருந்தும், நோய் உள்ளவருக்கு ஒன்றுமில்லாமலும் போகிறது.

சும்மா விட்ட கிளமிடியா மேலே ஏறிக் கருக்குழாயைப் புண்ணாக்கும். புண் ஆறும்போது குழாய் ஒட்டிக்கொள்ளும். சில வருடங்களுக்குப் பிறகு அந்தப் பெண் கருத்தரிப்பு மையத்தில் உட்கார்ந்திருப்பாள். சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, ‘ரெண்டு ட்யூபும் பிளாக்’ என்பார்கள். நம் நாட்டில் காசநோயும் இப்படி அடைக்கும், எல்லா அடைப்புக்கும் கிளமிடியா காரணமில்லை. ஆனால் கிளமிடியாவாக இருந்திருந்தால், சில நாள் மாத்திரையில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது. கருக்குழாயிலேயே கரு தங்கி உயிருக்கே ஆபத்தாவதும் இதே வழியில்தான். குழந்தை இல்லை என்ற பழியை மாமியார் வீட்டில் கேட்டுக்கொண்டு நிற்பதும் அவள்தான்.

மைக்ரோஸ்கோப் பத்தடி தூரத்தில் இருந்தால்

இதில் பாதிக் குழப்பத்தைத் தீர்க்கப் பெரிய இயந்திரம்கூட வேண்டாம். வெள்ளைப்பாட்டில் ஒரு துளியை உப்புநீரோடு கலந்து ஸ்லைடில் வைத்து உடனே பார்த்தால், பேரிக்காய் வடிவ டிரைக்கோமோனாஸ் வாலை உதறி உதறித் துள்ளி ஓடும். உடனே என்பது இங்கே உயிரான விஷயம். கால் மணி நேரம் தாண்டினால் அது அசைவை நிறுத்திவிடும். நின்றுவிட்டால் பக்கத்திலிருக்கும் வெள்ளணுவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. இன்னொரு துளியில் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு விட்டால் மீன் வாடை எழுகிறதா என்று மூக்கே சொல்லிவிடும். பூஞ்சையின் இழைகளும் அதே ஸ்லைடில் தெரியும். அமிலத்தன்மை பார்க்க ஒரு துண்டுத் தாள் போதும். இதையெல்லாம் செய்ய மைக்ரோஸ்கோப் புறநோயாளிகள் அறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது மாடி ஆய்வகத்துக்கு மாதிரி வரிசையில் போய்ச் சேர்வதற்குள் டிரைக்கோமோனாஸ் செத்துப் போயிருக்கும். நல்ல கண்ணுக்குக்கூட இந்த முறையில் பாதியளவு தொற்றுகள் தப்பிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

கொனோரியாவுக்கு கிராம் ஸ்டெயின் என்ற சாயம். ஆணின் சீழில் வெள்ளணுக்களுக்கு உள்ளேயே இளஞ்சிவப்பாய் ஜோடி ஜோடியாகக் கிருமிகள் தெரிந்தால் அநேகமாக அங்கேயே நோயை உறுதி செய்துவிடலாம். பெண்ணின் கருப்பை வாய் மாதிரியில் அதே சாயம் ஏறத்தாழ பாதி நோயாளிகளைக் கோட்டை விடும். கிளமிடியாவோ செல்லுக்குள் மட்டுமே வாழும் கிருமி. சாதாரணச் சாயத்தில் தெரியாது, சாதாரணத் தட்டில் வளராது.

இவை இரண்டையும் பிடிக்க வந்ததுதான் மரபணுப் பரிசோதனை. கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் மூக்கைக் காட்டி நின்றோமே, அந்த ஆர்.டி.பி.சி.ஆர். குடும்பத்தைச் சேர்ந்தது. மாதிரியில் கிருமியின் மரபணு கொஞ்சம் இருந்தாலும் அதைப் பல மடங்கு பெருக்கிக் காட்டிவிடும். இதில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம், பெண் தன் மாதிரியைத் தானே எடுத்துக்கொள்ளலாம் என்பது. திரைக்குப் பின்னால், மேசையில் படுக்காமல், யாரும் கருவி வைத்துப் பார்க்காமல், பஞ்சுக் குச்சியை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுச் சில விநாடி சுற்றி எடுத்துக் குப்பியில் போட்டுவிட வேண்டியதுதான். டாக்டர் எடுத்ததற்கு இணையாக அந்த மாதிரியும் முடிவைச் சொல்கிறது என்பது ஆய்வுகளில் நிரூபணமாகியிருக்கிறது. ஆணுக்கு இன்னும் எளிது: ஒரு மணி நேரம் சிறுநீரை அடக்கிவிட்டு, முதலில் வரும் கொஞ்சத்தைப் பிடிக்க வேண்டும். சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் ‘நடுவில் வரும் யூரினைப் பிடிங்க’ என்று பழகிய நம் ஊரில் இதைச் சரியாகச் சொல்லாவிட்டால் டெஸ்டே வீண்.

“அதற்கெல்லாம் இயந்திரத்துக்கு எங்கே போவது?” என்ற கேள்வி வரும். இயந்திரம் ஏற்கெனவே இருக்கிறது. காசநோய்க்குச் சளியைப் பரிசோதிக்க அரசு மருத்துவமனைகளில் வைத்திருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் பெட்டியிலேயே, கேட்ரிட்ஜை மட்டும் மாற்றினால் கிளமிடியாவையும் கொனோரியாவையும் ஒன்றரை மணி நேரத்தில் பார்க்கலாம். வாங்க வேண்டியது கேட்ரிட்ஜ். அதன் விலை இன்று ஒரு தடைதான், மறுக்கவில்லை. காசநோய்க்கும் தொடக்கத்தில் இதே தடை இருந்தது. அரசு மொத்தமாக வாங்கி அதைத் தாண்டியது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலே, வெள்ளைப்படுதலோடு வரும் பெண்களுக்கு இயன்ற இடங்களில் அன்றைக்கே முடிவு தரும் மரபணுப் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது. எல்லோருக்கும் முடியாது என்றால், முதலில் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், குழந்தையில்லை என்று வருபவர்களுக்கும் தொடங்கலாம். தமிழ்நாட்டால் முடியாத காரியம் அல்ல இது.

பணம் கட்டினாலும் கிடைக்காதது

தனியார் ஆய்வகங்களில் இப்போது ‘எஸ்.டி.டி. பேனல்’ என்று ஒரு பேக்கேஜ் விற்கிறது. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள். வாங்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். ரத்தத்தில் ஹெச்.ஐ.வி., சிஃபிலிஸ், ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றைச் சரியாகப் பார்க்க முடியும். கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் தேவை சிறுநீர் அல்லது குச்சி மாதிரி. ரத்தத்தில் கிளமிடியா ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் பொருளைப் பார்ப்பது, எப்போதோ வந்து போனதா, இப்போது இருக்கிறதா என்பதைச் சொல்லாது. ஹெர்பிஸ் ஐ.ஜி.ஜி.யும் அப்படியே. சிறு வயதில் உதட்டோரம் கொப்புளம் வந்த ஏராளமானவர்களுக்கு முதல் வகை ஹெர்பிஸ் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவாகத்தான் இருக்கும். அந்த ஒரு வரியைப் பார்த்துக் கல்யாணத்தை நிறுத்தத் துடிக்கும் பிள்ளைகளுக்கு, கொப்புளம் இருந்தால் அதிலிருந்தே மாதிரி எடுத்துப் பார்ப்பதுதான் சரியான வழி என்று சொல்ல ஆள் வேண்டும்.

நேரமும் முக்கியம். பயந்துபோய் மறுநாள் காலையே ரத்தம் கொடுத்து, நெகட்டிவ் என்றதும் நிம்மதியாகிவிடுபவர்கள் பலர். ஆன்டிஜென், ஆன்டிபாடி இரண்டையும் பார்க்கும் நான்காம் தலைமுறை ஹெச்.ஐ.வி. டெஸ்டுக்கே ஆறு வாரம் வரை காத்திருக்க வேண்டும். ரேப்பிட் கிட் என்றால் மூன்று மாதத்தில் ஒரு முறை மறுபடியும் பார்த்துக்கொள்வது நல்லது. ஆபத்து நடந்து மூன்று நாளுக்குள் என்றால் டெஸ்டைவிட அவசரம், தொற்றாமல் தடுக்கும் மாத்திரை. நேரே அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சிஃபிலிஸில் வலியில்லாத புண் தோன்றிய முதல் சில நாட்களில் வி.டி.ஆர்.எல். நான்-ரியாக்டிவாகவே இருக்கலாம். வலிக்காத புண் தானாகவே ஆறியும் போகும். ஆறியதும் நோய் போய்விட்டது என்று எண்ணி வராமல் இருந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து.

மருந்துக்கடையில் ஒரு ‘அசித்ரோ’ வாங்கிப் போட்டுக்கொண்டு பிறகு டெஸ்டுக்கு வருவது இன்னொரு சிக்கல். பாதி செத்த கிருமி ஆய்வகத்திலும் தெரியாது, உடம்பை விட்டும் போகாது. கொனோரியா விஷயத்தில் இது உலகத்துக்கே கவலை. பெனிசிலினை முறியடிக்கும் வகை 1976-ல் வெளிப்பட்டது. பிறகு சிப்ரோஃப்ளாக்ஸாசின் கைவிட்டுப் போனது. கடைசி ஆயுதமாகக் கருதப்படும் செஃப்ட்ரியாக்ஸோனையும் தாங்கி நிற்கும் கிருமி 2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியிடம் கிடைத்தது. எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று முழுமையாகச் சொல்ல இன்றும் கிருமியை உயிரோடு வளர்த்துப் பார்க்கத்தான் வேண்டும். அதுவோ மிகவும் நலிந்த கிருமி. சாதாரணப் பஞ்சில் உள்ள கொழுப்பு அமிலம்கூட அதற்கு விஷம். கரியமில வாயு நிறைந்த சூழலில், சூடாக்கிய ரத்தம் கலந்த சாக்லேட் நிறத் தட்டில், சரியான சூட்டில்தான் வளரும். மரபணு டெஸ்ட் வந்துவிட்டது என்று கல்ச்சர் மேசையை மூடிவிடும் மருத்துவக் கல்லூரிகள் ஒரு நாள் எந்த மருந்தும் கேட்காத வெட்டை நோயை எதிரே பார்த்து நிற்கும்.

கணவருக்கும் ஒரு சீட்டு

நமக்குப் பக்கத்திலேயே செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். தாயிடமிருந்து குழந்தைக்கு ஹெச்.ஐ.வி.யும் சிஃபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அதற்காக அவர்கள் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு கர்ப்பிணியையும் விடாமல் பரிசோதித்தார்கள், பாசிட்டிவ் வந்தவரைத் தேடிப் போய்ப் பெனிசிலின் போட்டார்கள், கணவரையும் அழைத்துப் பார்த்தார்கள்.

இந்த மூன்றாவது வேலைதான் இங்கே இன்னும் நோஞ்சானாக இருக்கிறது. மனைவிக்கு மருந்து கொடுத்துவிட்டு, திருப்பூரிலோ துபாயிலோ இருக்கும் கணவருக்குப் போன் போட்டுச் சொல்லும் பொறுப்பையும் அவள் தலையிலேயே வைக்கிறோம். அவள் எப்படிச் சொல்வாள்? “நீதான் கொண்டாந்தே” என்ற பேச்சுக்குப் பயந்து பெரும்பாலும் சொல்லமாட்டாள். அவரிடம் பேச ஓர் ஆலோசகரும், நம் நாட்டில் எந்த ஊரில் இருந்தாலும் அங்கே இருக்கும் அரசின் பால்வினை நோய் சிகிச்சை மையமான சுரக்ஷா கிளினிக்கில் காட்ட ஒரு சீட்டும் நாம் கொடுக்கலாம். அந்தச் சீட்டில் நோயின் பெயரோ அவள் பெயரோ எழுத வேண்டிய அவசியம்கூட இல்லை.

கிளமிடியாவுக்கு மருந்து முடித்தவர் ஆசை ஆசையாக இரண்டாவது வாரமே ‘போயிடுச்சான்னு பார்க்கணும்’ என்று வந்தால், மரபணு டெஸ்ட் செத்த கிருமியின் மிச்சத்தையும் பாசிட்டிவ் என்றே காட்டும். நான்கு வாரத்துக்கு முன் பார்ப்பதில் பயனில்லை. வழக்கமாக மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்கச் சொல்கிறார்கள். அப்போது பாசிட்டிவ் வந்தால், அநேகமாக அது மருந்து தோற்றதால் இருக்காது, மறுபடியும் தொற்றியதாகத்தான் இருக்கும். இன்னொரு பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கும் முன், இடையில் கணவர் ஊருக்கு வந்து போனாரா, அவருக்கு மாத்திரை போய்ச் சேர்ந்ததா என்பதை முதலில் கேட்க வேண்டும்.